நீலத் தொட்டிக் கணக்கு

சிதம்பரம், வண்டிகேட்
5.10.2025

அன்புள்ள தங்கச்சி நித்யா மேரிக்கு,

உன் கொளஞ்சி அக்கா எழுதுவது. நான், உன் மாமா, மகள் இளவரசி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உனக்கு ஐந்து முடிந்து ஆறாவது மாதம் நடப்பதாக உன் அம்மா சொன்னார்கள். கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. தலை சுற்றல் விட்டதா? சாப்பிட்டவுடன் படுக்காதே. பிரபு தம்பி லீவு முடிந்து வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புவதால் அவன் பையில் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் வருகின்றன. ஊறுகாயை முழுசாக உன்னிடம் கொடுக்கிறானா என்று பார்.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சொல்ல வேண்டியதில் கணக்கு இருக்கிறது. பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், கணக்கு குழம்பிவிடும்.

முதுநகர் முலாம் பட்டறையை விட்டு வந்தபின் நான் இங்கே ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் குப்பி கழுவும் வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் முதல் வருஷப் பிள்ளைகள் நீலத் தண்ணீரில் இரண்டு செம்புத் தகடுகளைத் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தார்கள். அரை ஆம்பியர், அரை மணி நேரம். எவ்வளவு செம்பு ஏறியது என்று எடை போட வேண்டும். எனக்குக் கை சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்காதே. பட்டறையில் கெமிஸ்டாக இருந்தபோது நீ எங்களை மனப்பாடம் செய்யவைத்த எண்ணை வைத்து நானும் போட்டேன். ஒரு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு புள்ளி மூன்று ஏழு கிராம் செம்பு ஏறும். இவர்களுக்கு ஓடியது கால் பங்கு. அப்படியென்றால் கிட்டத்தட்ட அறுபது சென்டிகிராம் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு வந்தது முப்பதுகூட இல்லை.

உடனே நான் வினோதினி மேடத்திடம் போய், "மேடம், பாதி கொறையுது. அதே கம்பியில வேற எதயாச்சும் மாட்டியிருக்காங்களான்னு பாருங்க" என்றேன். அவர்தான் அந்த லேபை நடத்துபவர். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. எந்த எண்ணை வைத்துப் போட்டேன் என்று கேட்டுவிட்டு, "அது சயனைடு தொட்டிக்கு உள்ள எண்ணுங்க. அதுல செம்பு ஒரு எலக்ட்ரான் வாங்குனா போதும், தகட்டுல உக்காந்துடும். இந்த நீலத்துல ரெண்டு வாங்கணும். அதனால அதே கரண்டுக்குப் பாதிதான் ஏறும், ஒன்னு புள்ளி ஒன்னு எட்டு ஆறு" என்றார். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார். கையில் இருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள். பித்தளைக் கதவுக் கைப்பிடிகளுக்கு நாம் வழக்கமாக வெள்ளைத் தொட்டியில், அதாவது சயனைடில், செம்பு ஏற்றிக்கொண்டிருந்தோம். 2022 தீபாவளிக்குப் பிறகு முதலாளி அந்த வேலையை நீலத் தொட்டிக்கு மாற்றினார். தொட்டி மாறியதே தவிர, லோடுக்கு நாற்பது நிமிஷம் என்று நீ போட்டிருந்த சார்ட் மாறவில்லை. முலாம் மெல்லிசாக இருக்கிறது என்று பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பினான். நீ எங்களுக்குச் சொல்லாமல் ஒரு லோடை முன்னும் பின்னும் எடை போட்டாய். அறுபது ஆம்பியர், நாற்பது நிமிஷம். தொண்ணூற்றைந்து கிராம் ஏறியிருக்க வேண்டும், ஏறியது நாற்பத்தேழு. மீட்டர் மொத்தக் கரண்டைத்தான் காட்டும், சாமான் தொங்கும் அதே தண்டில் யாரோ வெளிச் சாமானை மாட்டி முலாம் போட்டுக்கொள்கிறார்கள், பாதி கரண்ட் அதற்குப் போகிறது என்று முதலாளியிடம் சொன்னாய். அந்தத் தொட்டியில் வேலை பார்த்தது நானும் பக்கிரி மாமாவும்தான். நான் இல்லை. அப்படியானால் அவர்தான் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள்.

நித்யா, யாரும் எதையும் மாட்டவில்லை. அந்தத் தொட்டியில் நாற்பத்தேழுதான் ஏறும். முழுசாக ஏறியிருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய எண் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். உன் அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம், உன் புத்தி எங்கே இருந்திருக்கும். எனக்கு உறுத்துவது என் வாய்தான். அந்தப் பட்டறையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே பக்கிரி மாமா. இருபத்திரண்டு வருஷம் அமிலப் புகையில் நின்ற மனிதர் இப்போது நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் காட்டில் கூலிக்குப் போகிறார். வெளி ஜாப் மாட்டுகிறவன் என்று பெயர் ஆனபிறகு எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. தைப்பூசத்துக்கு வடலூரில் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பார்த்தார். இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

புதுச்சேரிப் பக்கம் புதிதாக ஒரு பட்டறை வருகிறது. தொட்டி பார்க்கப் பழைய ஆள் தேடுகிறார்கள். பக்கிரி மாமா பெயரைச் சொன்னால் நம் பழைய முதலாளிக்கு ஃபோன் போடுகிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். நான் போய் முதலாளியைப் பார்த்தேன். "நீ பத்தாவது படிச்சவ. உன் பேச்ச வெச்சி நான் எப்டி மாத்திச் சொல்றது? கணக்குப் போட்ட பொண்ணு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கட்டும், நானே ஃபோன் பண்றேன்" என்றார். டிசம்பர் பத்துக்குள் ஆள் எடுத்துவிடுவார்களாம். கணக்கு தவறு, பக்கிரி மேல் குற்றம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான்கு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் மெதுவாக இறங்கு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கொளஞ்சி அக்கா


சிதம்பரம்
9.11.2025

~~அன்புள்ள~~ நித்யாவுக்கு,

வழக்கப்படி அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். வேறு தாள் எடுத்திருக்கலாம். அடித்ததை நீ பார்க்கட்டும் என்றுதான் எடுக்கவில்லை.

உன் அம்மா வரும் சனிக்கிழமை விமானம் ஏறுகிறார்கள். பிரசவம் முடியும்வரை உன்னோடு இருக்கப் போகும் சந்தோஷத்தில் முட்டிவலிகூட அவர்களுக்கு மறந்துவிட்டது. அவர்கள் கையில் ஒட்டிக் கொடுத்த கவர் இது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

என் முதல் கடிதத்துக்கு நீ அனுப்பிய வாய்ஸ் வந்தது. ஒரு நிமிஷம் நாற்பது நொடி. "எனக்கு அப்ப தெரியவே தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா. இப்ப போயி எழுதிக் குடுத்தா இங்க என் வேலைக்கே வம்பாயிடும். நீங்களே பக்கிரி அண்ணன்கிட்ட பக்குவமா பேசிடுங்க" என்றாய். கேட்டுவிட்டு உனக்காக நான் அழுதேன். பாவம், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைக் கலங்கவைத்துவிட்டோமே என்று உன் மாமாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீ எழுதித் தரவில்லை என்றால் நானே வினோதினி மேடத்திடம் கணக்கை எழுதி வாங்கி முதலாளியிடம் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்குத் தேதியும் எடையும் வேண்டும் என்றார் மேடம். நீ ஷார்ஜா போகும்போது இளவரசிக்குப் படிக்க ஆகும் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்தாயே, அதில் பட்டறை நோட்டும் கலந்திருக்குமோ என்று பரணில் ஏறி இறக்கினேன். இருந்தது. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு.

திங்கட்கிழமை, 14.11.22. அறுபது ஆம்பியர், நாற்பது நிமிஷம், பெருக்கல் 2.37. விடை 94.8. பக்கத்தில் எடை, 47. அதன் கீழே 'வெளி ஜாப்?' என்று கேள்விக்குறி. இது எனக்குத் தெரிந்த கணக்கு. மூன்று பக்கம் தள்ளி இன்னொரு கணக்கு. வியாழக்கிழமை, 17.11.22. 'நீலம், 1.186' என்று எழுதி, விடை 47.4. பக்கத்தில் 'எடை சரி'. அதற்குக் கீழே, 'என் சார்ட் தப்பு. 80 நிமிஷம்.' இரண்டு கோடு போட்டிருக்கிறாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. ஏழு போட்டால் குறுக்கே ஒரு கோடு இழுப்பாய்.

பக்கிரி மாமாவை அனுப்பியது சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி.

வியாழக்கிழமையே உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ எங்கே இருந்தாய் என்று நான் சொல்லட்டுமா? அப்போது நாங்கள் முதுநகரில்தானே குடியிருந்தோம். என் வீட்டில், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். முள் எடுத்துக் கொடுத்தவள் நான். விடை உன் பையில் இருந்தது. நான் பயந்து போய், "நாளைக்கு மொதலாளி கூப்புட்டு விசாரிக்கப் போறாராம்டி, என்னச் சொல்லிடுவாரோ" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும்கா. சாப்பாட்டு நேரத்துல பக்கிரி அண்ணன்தான தனியா இருக்காரு. ஞாயித்துக்கெழமயில வீட்ல குத்துவிளக்கு பாலீஷ் போடுறவரு வேற. யோசிச்சிப் பாருங்க" என்றாய். கை கழுவிவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனாய்.

நான் யோசித்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன், காலையில் போய்ச் சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் என்னுடையதுதான், அதை உன்மேல் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பெயரை என் வாயில் எடுத்து வைத்தது யார்? கணக்கு பொய் சொல்லுமா, படித்த பெண் பொய் சொல்வாளா என்று நம்பினேனே, அந்த நம்பிக்கையை நீ எடுத்துச் செலவு செய்திருக்கிறாய். யாரோ வெளியாள் போல் ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கூடப்பிறந்தவள் போல் உட்கார்ந்து சாப்பிட்டு ஏமாற்றினாய்.

அடுத்த திங்கட்கிழமை புது சார்ட் ஒட்டினாய். நாற்பது நிமிஷம் போய் எண்பது நிமிஷம். பார்ட்டி தடிப்பாகக் கேட்கிறான் என்று எங்களிடம் சொன்னாய். செவ்வாய்க்கிழமை முதலாளி தானே நின்று ஒரு லோடை எடை போட்டார். சரியாகத் தொண்ணூற்றைந்து. "பாத்தியா, திருடன் போனான், எடை வந்துட்டுது" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். நானும் தலையாட்டினேன். நீ எழுதுகிற அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். நேரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எடை இரண்டு மடங்கு வராமல் என்ன செய்யும்? உன் தவறைத் திருத்திய அதே கையால் அவர் மேல் குற்றத்தையும் முத்திரை குத்திவிட்டாய்.

ஏன் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சார்ட் போட்டது நீ. தவறு உன்னுடையது என்று தெரிந்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது, ஷார்ஜா வேலை போய்விடும். அப்பா இல்லை, அம்மா உன்னை நம்பி இருக்கிறார்கள். இவ்வளவும் எனக்குப் புரிகிறது. அந்த வெள்ளிக்கிழமை, "அக்கா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன், என்னக் காப்பாத்துங்க" என்று கேட்டிருந்தால், நான்தான் நேரம் குறைத்து எடுத்தேன் என்று சொல்லி என் தலையில் போட்டுக்கொண்டிருப்பேன். திட்டு வாங்கியிருப்பேன், மிஞ்சினால் வேலை போயிருக்கும். உன் மாமா ஆட்டோ இருக்கிறது, சமாளித்திருப்போம். கேட்காமலேயே விட்டாயே.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மா கூப்பிட்டார்கள் என்று கடலூர் போனேன். நோட்டைப் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உன் அப்பா கல்லறையைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கினோம். தூறலில் மெழுகுவத்தி நிற்கவில்லை, நான்தான் முந்தானையை மறைத்துப் பிடித்தேன். "எங்க நித்யாவுக்கு நீதான் அக்கா, நீ சொன்னாதான் கேப்பா" என்றார்கள் உன் அம்மா. நான் ஆமாம் என்றேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

முந்தாநாள் நோட்டை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் போனேன். பக்கிரி மாமா கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல். வயது ஐம்பத்து நான்கு, பார்க்க அறுபத்தைந்து போல் இருக்கிறார். வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் தொட்டி, நீலத் தொட்டி, பாதி, முழுசு. உன் நோட்டையும் விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு கட்டு முடித்து ஓரமாகப் போட்டுவிட்டு, "கணக்கு உனக்குத் தெரியாது, சரி. என்னத் தெரியாதா கொளஞ்சி?" என்று கேட்டார்.

நித்யா, காலில் விழலாம் என்று குனிந்தேன். "வேணாம், எழுந்திரு" என்று தள்ளி நின்றார். கடைசியில், "பேப்பர் வந்தா கொண்டாந்து குடு. எனக்குத் தொட்டி வேலதான் தெரியும், இது முடியல. பேப்பர் வரலன்னா இன்னொரு தடவ இந்தப் பக்கம் வராத" என்றார். மறுபடி சோகை உரிக்கக் குனிந்துவிட்டார்.

இந்த நோட்டை நேராக முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்தான். மேடம் எழுதித் தந்தாலும் எடைக்கு ஆதாரமாக அவர் நோட்டைத்தான் கேட்பார். அந்தப் பதினேழாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தால் அவர் ஷார்ஜாவில் உன் கம்பெனிக்கு ஃபோன் போடாமல் விடமாட்டார். ஏழு மாத வயிற்றோடு நீ வேலை இழந்து நிற்பாய். உன் அம்மா விமானம் இறங்கிய இடத்தில் அழுதுகொண்டு உட்காருவார்கள். இரண்டு தடவை முதுநகர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். ஒருவரைக் கைகாட்டி வேலையைப் பிடுங்கிய பாவம் ஒன்று போதும் எனக்கு, இன்னொன்றைச் சேர்க்க என்னால் முடியவில்லை. நீ தெரிந்தே செய்தாய் என்று எழுத வேண்டாம். தவறாகக் கணக்குப் போட்டேன், இப்போதுதான் கவனித்தேன் என்று எழுதினாலும் முதலாளிக்குப் போதும். அந்தப் பொய்க்கு நான் துணை நிற்கிறேன். பக்கிரி மாமாவுக்கு மட்டும் உண்மை தெரியும், அவர் யாரிடமும் சொல்லுகிறவர் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வினோதினி மேடத்திடம் கேட்டுக்கேட்டு என் கையால் எழுதியது. பட்டறை, தேதி, நீலத் தொட்டி, அறுபது ஆம்பியர், நாற்பது நிமிஷம், பெருக்க வேண்டிய எண், எல்லாம் இருக்கிறது. ஏறியிருக்க வேண்டிய செம்பு எத்தனை கிராம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ போடு. கீழே உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடு. கூரியரில் போட்டால் ஐந்து நாளில் வந்துவிடுமாம், விசாரித்துவிட்டேன். பத்தாம் தேதி தாண்டினால் வந்தும் பயன் இல்லை.

பிள்ளையை நல்லபடியாகப் பெற்றெடு. அந்த வேளாங்கண்ணித் தாய் உன் பக்கத்தில் நிற்கட்டும். அம்மாவைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதே, முட்டி மடங்கி விழுந்துவிடுவார்கள். உனக்குச் சாபம் கொடுக்க வேண்டும் என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன், வாய் வரவில்லை.

நீ சொன்னதை நம்பித்தான் பக்கிரி மாமாவைக் கைகாட்டினேன். இப்போது அவரைக் கரையேற்ற மறுபடியும் உன்னைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு வேறு ஆள் இல்லை, நித்யா.

இப்படிக்கு,
கொளஞ்சி